எந்த வெள்ளை, எந்தக் கொக்கு?

17 நவம்பர் 2024, ஞாயிறு

மதுராந்தகம் பக்கம் ஒரு வயலில் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் பின்னாலேயே முப்பது கொக்கு. "எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கே, எப்படிப்பா பிரிச்சுச் சொல்றது?" என்றாள் மகள். குட்டையான மஞ்சள் அலகு, தடித்த தாடை: அவை உண்ணிக்கொக்கு. ஓரமாக நின்ற இரண்டுக்கு மட்டும் மெலிந்த கறுப்பு அலகு. சின்னக் கொக்காக இருந்தால் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். விரல் முழுக்கச் சேறு. ஒன்று பறந்து எழுந்த பிறகுதான் மஞ்சள் தெரிந்தது.

8 டிசம்பர், ஞாயிறு

வேடந்தாங்கல். பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கறுப்புக் கால். தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை நம்பவே கூடாது. வாய்ப்பிளவைப் பார்க்க வேண்டும்: அந்தக் கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீண்டால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றால் நடுத்தரம்.

29 டிசம்பர், ஞாயிறு

இன்று தப்புப் பண்ணினேன். நீர்க்கடம்பு மரத்தில் கறுப்பு அலகோடு உட்கார்ந்திருந்தவற்றை எல்லாம் சின்னக் கொக்கு என்று எழுதிவிட்டேன். கூடு கட்டும் பருவத்தில் மற்ற இரண்டுக்கும் மஞ்சள் அலகு கறுத்துவிடும். படித்தது மறந்துபோய்விட்டது. கால்களோ இலைக்குள் மறைந்திருந்தன.

காற்று அடித்ததும் இறகுகள் காட்டிக்கொடுத்தன. இந்தப் பருவத்தில் மூன்றுக்கும் முதுகில் மெல்லிய தூவிகள் தொங்கும். சின்னக் கொக்குக்கு அதோடு நெஞ்சிலும் தூவி, பிடரியில் நீளமாக இரண்டு இறகு. நடுத்தரத்துக்கு முதுகிலும் நெஞ்சிலும் உண்டு, பிடரி மொட்டை. பெரிய கொக்குக்கு முதுகில் மட்டும்தான். நான் சின்னக் கொக்கு என்று எழுதியவற்றில் பாதிக்கு மேல் பிடரியில் ஒன்றுமே இல்லை. ஆனால் நெஞ்சில் பஞ்சுபோலத் தூவி பறந்தது.

இந்தத் தூவிக்காகத்தான் நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளுக்கென்று கொக்குகளைக் கொன்று குவித்தார்கள். தூவி முளைப்பது கூடு கட்டும் நேரத்தில். அதனால் குஞ்சுகளும் கூட்டிலேயே பட்டினி கிடந்து செத்தன. அதை நினைத்தபடியே ரொம்ப நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் கூட்டம். பறவை பார்க்கும் கோபுரத்தில் நிற்க இடமில்லை, அரை மணி நேரம்தான் கிடைத்தது. மகள் பைனாகுலரை வாங்கி, "பிடரியில ரெண்டு இறகு இருக்குப்பா, சின்னக் கொக்கு" என்றாள். அலகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியாகத்தான் இருந்தது.