செய்தியோடைக்குச் சொந்த சர்வர்

கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து, ஆர்எஸ்எஸ் (தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செய்தியோடை) வாசிப்புக்கு அடுத்தவர் சேவையை நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டு சர்வரில் நிறுவ இரண்டு வாசிப்பு மென்பொருள்களைப் பரிசீலித்தேன். மினிஃபிளக்ஸ் கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. நிறுவ ஒரே கோப்பு, அலங்காரம் கிடையாது. எனக்குப் பிடித்த குணம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இல்லாமல் அது அசையாது. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுகிறது, எளிய எஸ்க்யூலைட் தரவுத்தளமே போதும் என்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற என் பழைய குட்டிக் கணினிக்கு அதுவே தோது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே கைப்பேசிச் செயலிகளோடு பேச இன்றும் கூகுள் ரீடரின் ஏபிஐயை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகத்தை) ஆதரிக்கின்றன. இறந்தாலும் ஆயிரம் பொன்!

இப்போதைக்கு ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ். தோற்றம் சற்று நெரிசல்தான், பொறுத்துக்கொள்ளலாம். மனம் மாறினால் சந்தாக்கள் அத்தனையையும் ஒரே ஓபிஎம்எல் (சந்தாப் பட்டியலுக்கான வடிவம்) கோப்பில் எடுத்துக்கொண்டு மினிஃபிளக்ஸுக்குப் போய்விடுவேன். வேறு எதையாவது பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.