ஆள் இறக்காமல் செப்டிக் டேங்க்

சாதி ஒழிப்பு பேசுகிற வீடுகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. அந்த வீடுகளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செப்டிக் டேங்க் பொங்கும். லாரியோடு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில கெட்டியா கெடக்கு சார், ஆள இறக்கி வாரிடலாம், கொஞ்சம் கூட ஆவும்" என்பார். நாம் தலையாட்டிவிடுவோம். இறங்குகிறவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமானால் அதற்கான வேலையை முன்பே செய்திருக்க வேண்டும். கசடு கெட்டிப்படுவதற்குக் காரணம் நாம்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை, பொங்கினால்தான் எடுக்கிறோம். லாரியும் மேலாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கசடு அடியிலேயே தங்கி இறுகும். பாதி உறிஞ்சியதும் நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மேலே நின்றபடியே நீளக் கம்பால் கலக்கி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். ரொம்பவும் இறுகியிருந்தால் இரண்டு நடை ஆகும், இரண்டு நடைக்கும் காசு கொடுக்க வேண்டும். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் தப்பில்லை, அதிலுள்ள நுண்ணுயிர்கள் தொட்டிக்குத் தேவை.

இன்னொரு சிக்கல் மூடி. தொட்டிக்குள் தடுப்புச் சுவர் இருக்கும். கசடு அதிகம் சேர்வது கழிவு முதலில் விழுகிற அறையில். கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டும்போது அந்த அறையின் மூடியைப் புதைத்துவிடுவார்கள். அப்புறம் இருக்கிற ஒரே ஓட்டை வழியாக ஆள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போக முடியும். டைல்ஸை உடைத்து, ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி போடுங்கள். கொத்தனாருக்கு ஒருநாள் வேலை.

கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வந்தாலே தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொட்டியின் நீர்மட்டம் உள்ளே வரும் குழாய்க்குக் கீழே இருந்தால் அடைப்பு குழாயில்தான். நாப்கின், ஈரத்துடைப்பான், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வெளியே குழாய்கள் சேரும் சிறு தொட்டியான சேம்பரிலிருந்து ராடு விட்டு எடுத்துவிடலாம்.

தெருச் சாக்கடை அடைத்தால் அது குடிநீர் வாரியத்தின் வேலை, 1916-ஐக் கூப்பிடுங்கள். அவசரமென்று கையில் ஐந்நூறைத் திணித்து தெரு மேன்ஹோலில் யாரையும் இறக்காதீர்கள்.

தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் அளவில், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தாலே, மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்பது அதனால்தான் ஆபத்தான பேச்சு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம், மீத்தேன் வெடிக்கும். முகத்தில் கட்டிய துணி எந்த வாயுவையும் தடுக்காது. மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் செத்துப்போவது இதனால்தான். ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளிலும் இதே வாயுதான்.

மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். "கான்ட்ராக்டர்தான் கூட்டி வந்தார்" என்ற சமாதானம் 'மறைமுகமாக' என்ற சொல்லிலேயே அடிபட்டுப்போகிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது.

அசோசியேஷன் ஒப்பந்தத்தில் "எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். சிலர் விலையைக் கூட்டுவார்கள். மாதப் பராமரிப்புத் தொகை ஏறும், கூட்டத்தில் முணுமுணுப்பு வரும். சமூக நீதிக்கு வாட்ஸ்அப்பில் கைதட்டியவர்களே முதலில் முணுமுணுப்பார்கள். லாரிக்கு உரிமம் இருக்கிறதா, பெருங்குடி, நெசப்பாக்கம், கொடுங்கையூர் மாதிரி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றிவிட்டுப் போகிற லாரிகளும் உண்டு.