வெயிலுக்குப் படிவம் இல்லை

மிதிவெடி அகற்றும் தளத்தில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. வேலை செய்பவர்களுக்கு இடையில் எத்தனை மீற்றர், மண்ணை எவ்வளவு ஆழத்துக்குக் கிளறுவது, சிவப்புத் தலைக் கம்பை எங்கே நடுவது, காயப்பட்டவர் எத்தனை நிமிடத்தில் அம்புலன்ஸுக்கு வந்து சேர வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். வன்னியில் இந்த வேலையில் மருத்துவ உதவியாளராக இருக்கும் எனக்கு அந்த ஒழுங்கின்மீது பெரிய மரியாதை. என் பையிலுள்ள இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டிகள் உறை பிரிக்காமலே காலாவதியாகின்றன என்றால் அதற்குக் காரணம் அந்த ஒழுங்குதான். அடிக்கடி தீர்ந்துபோவது ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பைக்கற்றுகள். அடுத்தது குளவிக் கடிக்கான மருந்து.

ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் எங்களுக்கு நேர் மேலே வருகிறது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று ஊர் ஊராக உச்சம் கொடுப்பதை வானொலியில் வாசிப்பார்கள். அந்த நாட்களில் காற்றே இருக்காது, ஈரப்பதன் மட்டும் இருக்கும். பிறகு சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலம் தொடங்கினால் காற்று வரும், ஆனால் அது வறண்ட அனல். இந்த இரண்டு பருவத்திலும் எங்கள் குழுவினர் கனத்த பாதுகாப்பு அங்கியும் முகத்தை முழுதாக மூடும் கண்ணாடித் தட்டும் அணிந்து, முழங்காலில் இருந்து மண்ணை வாரி வாரி இழுக்கிறார்கள். பாலை மரநிழல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அது துப்புரவு செய்யப்படாத பக்கம்.

வியர்வை வழிந்தால் உடல் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். வழிவதால் ஒரு பயனும் இல்லை, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது. அங்கிக்குள் சொல்லவே வேண்டாம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று 2010இல் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் 31 பாகைக்கு அருகிலேயே உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. அவர்கள் அணிந்திருந்தது சாதாரண உடை.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்த வெப்பச் சுட்டெண்ணைக் கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சுட்டெண் நிழலில் இருப்பவருக்கானது, வெயிலில் மண்டியிட்டிருப்பவரின் தலையில் விழும் கதிர் அதில் சேராது. அதற்கு வேறொரு அளவு இருக்கிறது. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம்களில் புதியவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது, கருப்புப் பூசிய செப்புக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய இன்னொன்று, நிழலில் சாதாரண வெப்பமானி ஒன்று என மூன்றையும் சேர்த்து ஓர் எண் ஆக்கினார்கள். கட்டாரில் 2021 முதல் இந்த எண் 32.1 பாகையைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அங்கே கட்டட வேலைக்குப் போய்வந்த என் மச்சானிடம் கேட்டேன். நிறுத்தினார்களோ இல்லையோ, அப்படியொரு எண் இருக்கிறது என்று தொழிலாளிக்கே தெரிந்திருந்தது பெரிய விடயம் என்றார்.

இந்த வேலையில் வெப்பம் முதலில் தாக்குவது புத்தியை. மயங்கி விழுவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, காலையில் பகிடி விட்டுக்கொண்டிருந்தவள் பேசாமல் இருப்பாள். கேட்டதற்கு எரிந்து விழுவாள். அளவுக்கோலை வைத்த இடத்தை மறப்பாள். நான் தறப்பாளின் கீழ் இருந்து பார்ப்பது இதைத்தான். நாடி பிடிப்பதற்கு முன் குரலைக் கேட்கிறேன். மற்றத் தொழில்களில் கவனம் சிதறினால் வேலை கெடும். இங்கே என்ன கெடும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் தாராளமாக இருக்கிறது. பெண்கள்தான் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடத்துக்குப் போக வேண்டும், அது தூரம். போவதற்கு அங்கியைக் கழற்ற வேண்டும், மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் குடியுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மலசலகூடத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் சுவரொட்டியே வேண்டாம். எனக்கு இதில் இன்னொரு பயமும் உண்டு. வவுனியாவிலும் அதை அடுத்த மதவாச்சி, பதவியா பக்கங்களிலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பல வருடங்களாக விவசாயிகளைத் தின்கிறது. தண்ணீரா, பூச்சிமருந்தா, வெயிலா என்று விவாதம் முடியவில்லை. நிகரகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வரும் இதே மாதிரியான நோயில், கடும் வெப்பத்தில் செய்யும் உடலுழைப்பின்மீதே சந்தேகம் பலமாக விழுந்திருக்கிறது. அங்கே சில ஆலைகளில் நிழல், தண்ணீர், ஓய்வு மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கட்டாயமாக்கினார்கள்.

வெடி விபத்து என்றால் பல பக்க அறிக்கை, விசாரணை, வரைபடம், படம். வெயிலில் விழுந்தவருக்கு என் குறிப்பேட்டில் ஒரு வரி: தலைச்சுற்று, ஓய்வு கொடுக்கப்பட்டது. உலகத்திலும் இதே கதைதான். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்ற கணக்கு 2008இல்தான் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. வழக்கமாக இறப்பவர்களின் எண்ணிக்கையைக் கழித்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் லிட்டன் கிராமத்தில் 49.6 பாகை பதிவானது. மறுநாள் கிராமமே எரிந்தது, அந்தப் படத்தை உலகம் பார்த்தது. அதே வாரத்தில் அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் ஏறத்தாழ எல்லோரும் வீட்டுக்குள் இறந்தவர்கள். அதற்குப் படம் இல்லை. வளைகுடாவிலிருந்து பெட்டியில் திரும்பும் இளைஞர்களின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ இயற்கை மரணம் என்றோ எழுதியிருக்கும்.

கோடையில் இன்னொரு தொல்லை தீ. புல் முளைக்கட்டும் என்று யாராவது வைத்த நெருப்பு எங்கள் பக்கம் திரும்பினால், அணைக்கப் போக முடியாது. தூர நின்று பார்க்கத்தான் முடியும். சில வெடிக்கும், சிலவற்றின் பிளாஸ்டிக் கூடு மட்டும் உருகி உருத்தெரியாமல் கிடக்கும். பின்னதுதான் எங்களுக்குப் பிடிக்காதது. 2018இல் ஜேர்மனியின் பிராண்டன்பேர்க் காட்டுத் தீயில் இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குப் பயந்து தீயணைப்பு வீரர்கள் இப்படித்தான் விலகி நின்றார்கள். 2022 ஜூலையில் ஸ்லோவேனிய, இத்தாலிய எல்லையில் முதலாம் உலகப் போரின் எறிகணைகளே நெருப்பில் வெடித்தன. அதே கோடையில் இத்தாலியின் போ ஆறு வற்றி, 450 கிலோ எடையுள்ள குண்டு ஒன்று வெளியே வந்தது. சுமார் 3,000 பேரை அப்புறப்படுத்தித்தான் அதைச் செயலிழக்கச் செய்தார்கள். நூறு வருடம் கழித்தும் இது முடிவதில்லை என்று தெரிந்தபோது எங்கள் குழுவில் ஒருத்தி, அப்படியானால் பேரப்பிள்ளைக்கும் வேலை இருக்கிறது என்றாள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கைப்படி இலங்கை 2028க்குள் முடிக்க வேண்டும்.

உச்சி வெயிலில் வேலையை நிறுத்த வேண்டும் என்ற என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படுவது அந்தத் திகதிதான். பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தினால் சதுர மீற்றர் குறையும் என்கிறார்கள். விடியற்காலையில் முன்கூட்டியே தொடங்கலாமே என்றால், வெளிச்சம் போதாது, பஸ் ஒழுங்கு மாறும், பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அனுப்புவது என்று தாய்மாரே கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். வெப்பத்தால் எத்தனை பேர், எந்த மணிக்கு, என்ன வேலையில் இருந்தபோது பாதிக்கப்பட்டார்கள் என்று எழுதும் பகுதி ஒன்றைத் தினசரிப் படிவத்தில் சேர்க்கும்படி கேட்டேன். படிவம் தலைமையகத்தில் அங்கீகரிக்கப்பட்டது, இங்கே மாற்ற முடியாது என்றார்கள். ஆகவே குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிவருகிறேன். கருப்புக் கோள வெப்பமானி ஒன்றும் கேட்டிருக்கிறேன். அதை மறுக்கவில்லை, மூன்று கடைகளின் விலைமனு வேண்டுமாம். கொழும்பில் இரண்டு இடம் பிடித்துவிட்டேன். மூன்றாவது கடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.