ஓபினெல் எட்டாம் நம்பரும் புதுச்சேரி உப்புக்காற்றும்

பிரெஞ்சு மடக்குக்கத்தியான ஓபினெலின் எட்டாம் நம்பரில் அலகு இரண்டு வகையாகக் கிடைக்கிறது: துருப்பிடிக்காத எஃகு, கார்பன் எஃகு. "கடலோரத்துல இருக்கிற, எதுக்குடா கார்பன்?" என்று பாரிஸிலிருந்து மாமா போனிலேயே கேட்டார். அதற்காகத்தான் மாமா என்றேன். உப்புக்காற்றில் ஒரு கார்பன் கத்தி எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க ஆசை. ஆடியில் விடுமுறைக்கு வந்தவர், விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஐப்பசி மழைவரை தினமும் என்னோடுதான் இருக்கிறது.

பேனாக்கத்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, நகத்தால் நெம்பித் திறந்து, வில்லின் அழுத்தத்தில் 'டக்' என்று நிற்கும் வகை. ஓபினெலில் வில்லே கிடையாது. பீச் மரக் கைப்பிடி, அலகு, ஒரு ஆணி, கழுத்தில் ஒரு பூண், அதன்மேல் சுழலும் வளையம். மொத்தமே ஐந்து உறுப்புகள். பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் 1890இல் ஜோசப் ஓபினெல் முதலில் செய்தபோது அந்த வளையம்கூட இல்லை. மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து வைத்திருந்தது. 1897இல் அளவுக்கேற்ப ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டார்கள். 1935இல் ஒன்றாம் நம்பரையும் பதினொன்றையும் நிறுத்திவிட்டார்கள். பூட்டு வளையம் வந்தது 1955இல். எட்டாம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 45 கிராம். சட்டைப்பையில் போட்டால் பேனாவைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

முதல் வாரம் கொய்யா நறுக்கினால் துண்டுகளில் சாம்பல் கறை, நாக்கில் இரும்பு வாசனை. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்து வளர்ந்த வீட்டில் இதில் ஆச்சரியம் இல்லை. பளபளவென்று புதிதாக இருக்கும்வரைதான் இந்தத் தொல்லை. எலுமிச்சை, இஞ்சி, பச்சை மாங்காய், வாழைக்காய் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் இதாலேயே நறுக்கினேன். முதலில் முனைப்பக்கம் நீலம் ஏறியது, பிறகு அலகு முழுவதும் மேகம் படர்ந்த மாதிரி கருஞ்சாம்பல். அந்தப் படலம் உருவான பிறகு பழத்தில் கறையும் இல்லை, வாசனையும் இல்லை. சிலர் கடுகு விழுதைத் தடவி, வினிகரில் ஊறவைத்து ஒரே நாளில் இந்த நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எதை நறுக்கி எங்கே கறுத்தது என்று அலகைப் பார்த்தே சொல்ல முடிவதுதான் இதில் சுவாரசியம்.

கறுப்பு வேறு, செந்துரு வேறு. செந்துரு வந்தால் அலகை அரித்துக்கொண்டே போகும். இதுவரை வந்ததெல்லாம் ஆணியை ஒட்டிய இடத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள்; எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்ததும் போய்விட்டன. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்குவாடை வரும். தையல் மெஷின் எண்ணெய் துருவுக்கு நல்லது, வாய்க்கு ஆகாது. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தருகிற லிக்விட் பாரஃபின்தான் சரியான தீர்வு. ஒரு பாட்டில் வருடக்கணக்கில் வரும். (கடைக்காரர் பார்க்கிற பார்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

உண்மையான சோதனை துரு அல்ல, மரம். கைப்பிடியின் வெளிப்பக்கம் வார்னிஷ் அடித்து வருகிறது. அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள்ளே பூச்சில்லாத வெறும் மரம். ஈரம் புகுவது அந்த வழியாகத்தான். ஆவணி வரை விரலால் திறந்த கத்தி, மழை பிடித்ததும் நகம் பெயர்ந்தாலும் அசைய மாட்டேன் என்றது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கைப்பிடியின் பின்முனையை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். வேலை செய்கிறது. ஆனால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது தட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அதனால் பிரித்துவிட்டேன். சர்கிளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றி, பள்ளத்துக்குள் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய குச்சியில் துணி சுற்றி விட்டேன். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிக் கெட்டியாகும். மற்ற சமையல் எண்ணெய்கள் பலவும் அப்படி இறுகாது. பெயிண்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகளைக் கலப்பதுண்டு. பழம் நறுக்குகிற கத்திக்கு அது வேண்டாம் என்று செக்கு எண்ணெய்க் கடையில் வாங்கினேன். இது காய நாளாகும், அவசரப்படக் கூடாது. ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது சூடாகி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துப்போட்டுக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

இரண்டு பூச்சுக்குப் பிறகு, அடைமழையிலும் கத்தி திறக்கிறது. விறைப்பு முழுவதும் போகவில்லை; போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கூர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலகு மெல்லியது, அதனால் கூர் கொஞ்சம் மழுங்கினாலும் தக்காளித் தோலில் இறங்குகிறது. தண்ணீர் விட்டுத் தீட்டும் ஆயிரம் நம்பர் கல்லில் இரண்டு பக்கமும் தேய்த்து, பிசிறு போக பழைய தோல் பெல்ட்டில் இழுத்தால் போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லின் சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஆரோவில் பக்கம் மரவேலை செய்யும் நண்பர் வைத்திருப்பது ஹிகோநோகாமி என்னும் ஜப்பானிய மடக்குக்கத்தி. மிகி ஊரின் சரக்கு. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் ஒரு அலகு, பூட்டும் இல்லை வில்லும் இல்லை. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் இதால்தான் பென்சில் சீவினார்கள். பென்சில் சீவ ஓபினெலைவிட அது மேல், ஒப்புக்கொள்கிறேன். பழம் நறுக்கினால் பித்தளைக்குள் சாறு புகுந்துவிடுகிறது. இன்னொரு நண்பரிடம் சிவப்பு சுவிஸ் கத்தி. அந்த வகைக்கு கார்ல் எல்செனர் காப்புரிமை பதிந்ததும் ஓபினெலுக்கு நம்பர் போட்ட அதே 1897இல்தான். ஆறு கருவிகளை இரண்டே வில்லில் நிறுத்திய மூளை பெரிய மூளைதான். ஆனால் அவர் அதில் கத்தியைத் திறந்து நான் பார்த்ததே இல்லை, எப்போதும் திருப்புளிதான்.

ஒன்பது அங்குலத்தைத் தாண்டிய அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுகளைத்தான் நம் ஆயுத விதிகள் உரிமம் தேவைப்படக்கூடிய வகையில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. எட்டரை சென்டிமீட்டர் அதன் கிட்டேகூட வராது. அதற்காக நீதிமன்றத்துக்கும் மாலுக்கும் எடுத்துப்போய் வாசலில் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்குக் கத்தி வீட்டில்.

வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுத்து, வெளிப்பக்கத்துக்கும் ஆளிவிதை எண்ணெயே கொடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. மழை விட்டு, தை வெயில் வந்தபிறகு செய்வதாக இருக்கிறேன். அதற்குள் மாமாவிடம் ஏழாம் நம்பர் ஒன்றுக்கும் சொல்லியாயிற்று.