பாஜியின் கேசட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

பாஜியின் (உருதுவில் 'அக்கா', நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) மகன் பையை வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடினான். நோன்பு திறக்கக் கால்மணி நேரம்தான் இருந்தது. உள்ளே கேசட்டுகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 'டிஸ்கோ தீவானே', 'பூம் பூம்', 'யங் தரங்', 'கேமரா கேமரா'. பெயர் எழுதாதது ஒன்று. 'ஹாட்லைன்' இல்லை. பாகிஸ்தான் பாப் பாடகி நாஸியா ஹசனும் தம்பி ஸோஹேபும் சேர்ந்து வெளியிட்ட ஐந்தும் இருக்கும் என்று பாஜி அடித்துச் சொன்னாரே.

மார்ச் 5, புதன்

'டிஸ்கோ தீவானே'யில் தொடங்கினேன். நாடாவை டெக்கின் ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு பசை விட்டு உள்ளே விழுந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் ஒலி மங்கிவிடும், அல்லது அலை அலையாக ஏறி இறங்கும். திருகுகளைக் கழற்றி, இரண்டு சுருள்களையும் குலையாமல் தூக்கி வேறொரு காலிக் கூட்டுக்கு மாற்றினேன். பிறகு ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் வேலை. கராச்சியில் இந்த நாடாவில் பதிந்த இயந்திரத்தின் சாய்வும் என் டெக்கின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். துளி பிசகினாலும் சிம்பலின் ஓசை கம்பளிக்குள் போய்விடும். திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் சட்டென்று திறந்துகொண்டது. அந்த நொடியில் நாஸியாவின் குரல் அறைக்குள் வந்தது.

1981. நாஸியாவுக்கு அப்போது பதினாறு வயது. தம்பி ஸோஹேபுக்கு அதைவிடக் குறைவு. லண்டனில் பதிவு செய்தார்கள், இசையமைத்தவர் பிட்டு. இந்த வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் எங்கோ ஒரு ஸ்டூடியோவில் பாடப்பட்டவை கராச்சிக்கும் பம்பாய்க்கும் போய், பிரேசில் வரைக்கும் போய், ஒரு பிரதி மட்டும் கராச்சியிலிருந்து பாஜியின் பெட்டியில் மறுபடி லண்டனுக்கு வந்திருக்கிறது.

'லேகின் மேரா தில்' ஓடும்போது இடது பக்கம் ஒலி விழுகிறது. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

மார்ச் 6

பாஜியின் ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 8, சனி

'குர்பானி' படத்தில் நாஸியா பாடிய 'ஆப் ஜைஸா கோயி'யைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். கேசட்டில் இல்லை, இணையத்திலிருந்து. 1980இல் வந்த படம். அதை இயக்கிய ஃபெரோஸ் கானுக்கு ஒரு பாடல் தேவைப்பட்டது. ஒரு விருந்தில் இந்தப் பெண்ணைச் சந்தித்தார். படத்தின் மற்ற பாடல்களுக்கெல்லாம் இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. இதற்கு மட்டும் பிட்டு, பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் போனவர், 1974இல் கார்ல் டக்ளஸைப் பாடவைத்து 'குங் ஃபூ ஃபைட்டிங்' தயாரித்தவர். அந்தப் பாட்டைக்கூட ஓர் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்புவதற்காகத்தான் பதிவு செய்தார்கள்.

நாஸியாவின் குரல் மெல்லியது, மூக்கால் பாடுகிறார், பயிற்சி இல்லாதவர் என்று இன்றும் எழுதுகிறார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவே இல்லை அவர்கள். 'ஆப் ஜைஸா கோயி'யில் அவர் குரல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வருகிறது. இருபத்துநான்கு தடங்களில் பதிவு செய்யும் வசதி இருந்ததால் பிட்டு அந்தக் குரலைக் கோட்டோவியமாக விடாமல் கனம் ஏற்றியிருக்கிறார். அப்படி ஏற்றியும் அது உருகவில்லை, கெஞ்சவில்லை. அன்றைய ஹிந்திப் படப் பாடகிகள் ஒவ்வொரு சொல்லிலும் கமகம் வைத்து நெளித்துக் காட்டிய இடங்களில் இவர் நேராகப் பாடிவிட்டு நகர்கிறார். பதினைந்து வயதுப் பெண் தான் சொல்வதைத் தானே நம்பிச் சொல்லும் தொனி அது. பயிற்சி பெற்ற குரலுக்கு அந்தத் தொனியைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்பேர் விருதைப் பதினைந்து வயதில் வாங்கினார். அதற்கு முன் யாரும் அந்த வயதில் வாங்கியதில்லை.

இதைப் பாஜியிடம் சொன்னேன், தொலைபேசியில். "இவ்வளவு யோசித்தா கேட்கிறாய்? நாங்கள் ஆடினோம்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

வார்டில் பார்வையாளர் நேரம் முடியும்வரை இருந்தேன். பாஜி நோன்பு வைக்கவில்லை என்று குற்றவுணர்வில் இருக்கிறார். நோயாளிக்குக் கட்டாயமில்லை என்று அவருக்கே தெரியும். பேச்சை மாற்றுவதற்காக நாஸியாவைப் பற்றிக் கேட்டேன். முகமே மாறிவிட்டது.

பாஜிக்கும் நாஸியாவுக்கும் ஒரே வயது. சோஹைல் ராணா பாகிஸ்தான் தொலைக்காட்சியில் நடத்திய சிறுவர் இசை நிகழ்ச்சியில் நாஸியாவை அப்போதே பார்த்ததாகச் சொன்னார். அதே பெண் சில ஆண்டுகளில் எல்லோர் வீட்டிலும் ஒலிக்கத் தொடங்கியபோது, தன் வகுப்பில் படித்தவள் ஜெயித்ததுபோல இருந்ததாம். அது ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக்கின் காலம். செய்தி வாசிக்கும் பெண்கள் தலையை மூடிக்கொண்டுதான் திரையில் வர வேண்டும். அந்தத் தொலைக்காட்சியில் ஓர் இளம்பெண் டிஸ்கோ பாடுவதை எப்படிக் காட்டுவது? இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். கால்கள் ஆடுகின்றனவா என்று யாருக்கும் தெரியாது. "தோள்களைப் பார்த்துத்தான் நடனம் கற்றுக்கொண்டோம்" என்றார் பாஜி. படுக்கையில் இருந்தபடியே தோள்களை அசைத்துக் காட்டினார். பக்கத்துக் கட்டில் அம்மா கைதட்டினார்.

நர்ஸ் வந்து ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். 91.

மார்ச் 12

'ஹாட்லைன்' எங்கே போயிருக்கும்? பாஜியின் மகனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு நாஸியா யார் என்பதே அம்மா சொல்லித்தான் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

'பூம் பூம்', 1982. குமார் கௌரவ் நடித்த 'ஸ்டார்' படத்துக்கான பாடல்கள். படம் ஓடவில்லை. கேசட் நின்றது. படத்தைப் பார்த்திராதவர்கள் வீட்டிலெல்லாம் இந்தப் பாடல்கள் இருந்தன என்கிறார் பாஜி, நம்புகிறேன்.

இன்று முழுக்க ஸோஹேபைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் 'நாஸியா ஹசனின் ஆல்பங்கள்' என்கிறார்கள். உறைகளில் இருவர் முகமும் இருக்கிறது. இந்தக் கேசட்டில் இருக்கும் 'ஜானா' ஸோஹேபினுடையது. அடுத்த கேசட்டில் 'ஸரா செஹ்ரா'வும் அவருடையது. அக்காவின் குரலில் நேர்க்கோடு இருக்கிறது என்றால் தம்பியின் குரலில் ஒரு தளர்வு இருக்கிறது, வரியின் கடைசியில் சற்றே பின்தங்கி வந்து சேருவார். இரண்டும் சேரும்போதுதான் அந்த இசை முழுமையாகிறது. முதல் கேசட்டின் 'முஜே சாஹே நா சாஹே'யைக் கேட்டால் புரியும், அங்கே யாரும் யாரையும் முந்தப் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் மூச்சு எடுக்கும் இடம் ஒன்றாகவே இருக்கும் போலிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டபோது அந்த மூச்சுகளையே கவனித்தேன்.

அண்ணன் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

கோபமாக இருக்கிறது. நாஸியாவைப் பற்றி எதைத் திறந்தாலும் முதல் வரியில் 2000, ஆகஸ்ட் 13, லண்டன், நுரையீரல் புற்றுநோய், முப்பத்தைந்து வயது. அதற்குப் பிறகுதான் பாட்டு. ஹெண்டனில் இருக்கும் கல்லறைப் படத்தைப் போட்டுவிட்டு, பாடல்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே சோகம் இருந்தது என்று எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. 'ஆவோ நா'வில் என்ன சோகம்? அது ஒரு பெண் ஒருவனை அழைக்கும் பாட்டு. அழைக்கும்போது அவளுக்குப் பதின்பருவம், உடம்பு நன்றாக இருந்தது, உலகம் அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததைக் கொண்டுபோய் முன்னால் பாடியதன் மேல் ஊற்றுவது அநியாயம்.

நான் இந்தக் கேசட்டுகளைப் பிறந்த வரிசையில்தான் கேட்பேன், சாவிலிருந்து பின்னோக்கி அல்ல.

பாஜிக்கும் நுரையீரலில்தான் நிழல் தெரிகிறது என்று இன்று சொன்னார்கள்.

மார்ச் 18

வேலை ஓடவில்லை.

மார்ச் 20, வியாழன்

'ஹாட்லைன்' கிடைத்துவிட்டது! பாஜியின் சமையலறை அலமாரியில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால். பாஜியே இன்று காலை நினைவு வந்து சொன்னார். சமைக்கும்போது கேட்பாராம். உறையில் மஞ்சள் கறை, நாடா குற்றமற்று இருக்கிறது. 1987. 'ஆ ஹான்' தொடங்கியதும் வித்தியாசம் தெரிகிறது. சின்தசைசர் கூர்மையாகிவிட்டது, டிரம் இயந்திரம் முன்னால் வந்துவிட்டது, முதல் ஆல்பத்தின் வயலின்களும் கித்தாரும் கொடுத்த அகலம் இதில் இல்லை. ஆனால் குரலில் இப்போது ஒரு நிதானம் இருக்கிறது. இதை நான் முன்பு சரியாகக் கேட்டதே இல்லை. ஐந்தில் இதற்குத்தான் மிகக் குறைவாக மரியாதை கிடைத்திருக்கிறது.

'யங் தரங்' நேற்றே முடிந்தது. 1984. அதற்கு வீடியோக்களும் எடுத்தார்கள், பாட்டுக்காகவே எடுக்கப்பட்ட வீடியோக்கள், அந்தப் பகுதிக்கு அது புதிது. 'ஆங்கேன் மிலானே வாலே' பற்றி நீளமாக எழுத ஆசை. இன்று முடியாது, ஆறு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

பெயர் எழுதாத கேசட். டெக்கில் போட்டதும் இரைச்சல், நாய் குரைப்பு, பிறகு கைதட்டல். தொலைக்காட்சிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 'மியூசிக் 89'. ஷோஐப் மன்சூர் தயாரித்து, நாஸியாவும் ஸோஹேபும் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சி. ஜியா இறந்த அடுத்த ஆண்டு. அடுத்து வந்த இளைஞர் குழுக்களுக்கு மேடையை அக்காவும் தம்பியுமாகத் திறந்துவிட்டார்கள்.

பாதியில் ஒரு பெண் கூடவே பாடுகிறாள், மைக்குக்கு மிக அருகில், நாஸியாவையே மூழ்கடித்துக்கொண்டு. சுருதி விலகவில்லை.

கேட்டேன். "நான்தான்" என்றார் பாஜி. "அதை எடுத்துவிடு. நாயையும் எடுத்துவிடு. பாட்டு மட்டும் போதும் எனக்கு."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கேசட் அவருடையது. நாயை எடுத்துவிட்டேன், இரைச்சலைக் குறைத்தேன். பாஜியின் குரலை எடுக்க முடியாது, இரண்டும் ஒரே அலைவரிசையில் பின்னிக் கிடக்கின்றன. வெட்டினால் நாஸியாவும் போய்விடுவார். அப்படியே சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நன்றாகவா பாடியிருக்கிறேன்?" என்று கேட்டார்.

2002இல் இதே மார்ச் 23ஆம் தேதிதான் பாகிஸ்தான் அரசு நாஸியாவுக்கு உயர்ந்த கலை விருதைக் கொடுத்தது. வாங்க அவர் இல்லை.

மார்ச் 26

திசு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பெருநாள் கழிந்து.

மார்ச் 30, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிய நாள். சில பள்ளிவாசல்களில் இன்று பெருநாள், சிலவற்றில் நாளை. பாஜியின் மகன் ஷீர் குர்மா, அதாவது பெருநாள் சேமியா பாயசம், கொண்டுவந்தான். வார்டில் எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தோம். பாஜி மருதாணி கேட்டார், விரல் நுனிகளில் மட்டும் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நாஸியாவின் பிறந்தநாள். இருந்திருந்தால் அறுபது. மே வந்தால் பாஜிக்கும் அறுபது.

'கேமரா கேமரா'வை இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்தேன். 1992. போதைப்பொருளுக்கு எதிரான பிரசாரத்தோடு வெளிவந்த கேசட். அதோடு பாட்டை நிறுத்திவிட்டார். இந்த நிறுத்தத்தை ஒரு வீழ்ச்சியாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் லண்டனில் பொருளாதாரமும் நிர்வாகமும் படித்தார், சட்டம் படித்தார், ஐ.நா.வில் வேலை பார்த்தார். 1995இல் அலீஷா சினாய் பாடிப் புகழ்பெற்ற 'மேட் இன் இந்தியா'வைப் பிட்டு முதலில் இவரிடம்தான் கொண்டுபோனார், தன் நாட்டவர் மனம் புண்படும் என்று மறுத்தார். மறுக்கத் தெரிந்தவர் அவர். ஐந்து ஆல்பங்கள் போதும் என்று ஒருவர் முடிவு செய்யக்கூடாதா? 2012இல் ஒரு ஹிந்திப் படத்துக்காக 'டிஸ்கோ தீவானே'யிலிருந்த அவருடைய பழைய குரலை எடுத்துப் புதுத் தாளத்தில் வைத்தார்கள். சுற்றியிருந்தது எல்லாம் மாறியும் அந்தக் குரல் அசையாமல் நின்றது.

'கேமரா கேமரா' நாடாவில் ஓரிடத்தில் மடிப்பு. விரலால் நீவி, இரண்டு முறை முன்னும் பின்னும் ஓடவிட்டேன். பரவாயில்லை, ஒரு சிறு தடுமாற்றம் மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 4

அண்ணனுடன் பேசினேன். ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளை காலை எட்டு மணிக்குப் பாஜியை உள்ளே அழைத்துப் போவார்கள். எல்லாவற்றையும் அவருடைய போனில் ஏற்றிவிட்டேன். ஆண்டு வரிசையில்தான் வைத்தேன், ஆனால் நாளைக்கு முதலில் எது ஒலிக்க வேண்டும் என்று கேட்டேன். 'ஜானா' என்றார். ஸோஹேப் பாடியது. ஏன் என்று கேட்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். கையெழுத்து, அலர்ஜி, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கேள்விகள். மகனின் எண்ணோடு என் எண்ணையும் கொடுத்தார்.

போன் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். காலையில் ஏழு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.