பேரன் எடுப்பித்த கோயில்

தாத்தா ஊரில் சாகவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் ஆறாத விஷயம் அதுதான். குடியாத்தத்தில் பிறந்து, அங்கேயே குழித்தறியில் உட்கார்ந்து ஐம்பது வருடத்துக்கு மேல் கைலி நெய்தவர், கடைசி நான்கு மாதம் திருப்பூரில் சித்தப்பா வீட்டில் படுத்திருந்தார். "ஊருக்குக் கூட்டிட்டுப் போடா" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். "உடம்பு கொஞ்சம் தேறட்டும் தாத்தா" என்றேன். தேறவில்லை. தகனம் அங்கேயே நடந்தது. அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைத்தோம். சொந்த மண்ணில் அவருக்கென்று ஒரு பிடி இடம்கூட இல்லாமல் போயிற்று.

முதல் திதி நெருங்கியபோது, அவர் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று பேச்சு வந்தது. சுடுகாட்டுப் பக்கம் பளிங்கில் ஒரு சின்ன மண்டபம் கட்டி, அதில் அவர் படத்தை வைக்கலாம் என்றார் சித்தப்பா. ஆயா, அதாவது என் பாட்டி, எதற்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு மேல்பாடி ஞாபகம் வந்தது. காட்பாடியைத் தாண்டிப் பொன்னையாற்றங்கரையில் உள்ள ஊர். தாத்தாவுக்காகப் பேரன் எடுப்பித்த கோயில் அங்கே இருக்கிறது. பேரன் வேறு யாருமில்லை, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன். "ஒரு தடவை பார்த்துட்டு வந்து முடிவு பண்ணலாம், வா ஆயா" என்று கூப்பிட்டேன். உடனே கிளம்பிவிட்டாள்.

வழியில் திருவல்லம். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். வில்வநாதேசுவரரை வணங்கிவிட்டு வெளியே வந்தபோது ஆயா நந்தியின் முன்னால் நின்றுவிட்டாள். இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருக்கும். காஞ்சனகிரியிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த அர்ச்சகரைக் கஞ்சன் என்கிற அசுரன் தடுத்ததாகவும், அவனை அடக்கிய நந்தி இன்னும் காவலுக்கு அந்தப் பக்கமே பார்த்திருப்பதாகவும் தலபுராணம் சொல்கிறது. பொன்னையாற்றுக்கு நீவா என்று பழைய பெயர். சுவாமி "நீ வா" என்று கூப்பிட, ஆறு கோயிலைத் தேடி வந்ததாம். ஆயா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அங்கிருந்து வடக்கே மேல்பாடி. சோழீசுவரர் கோயில் சிறியது. தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். எனக்கு அந்தச் சின்ன அளவுதான் பிடித்தது. ராஜராஜனின் அப்பா சுந்தர சோழர், அவருடைய அப்பா அரிஞ்சயர். அந்த அரிஞ்சயருக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், இது. அரிஞ்சீசுவரம் என்று அவர் பெயரையே கோயிலுக்கு வைத்தார்கள். சுவரெல்லாம் எழுத்து. ஒரு ககரம், ஒரு ரகரம் என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இங்குள்ள கல்வெட்டில் அரிஞ்சயரை எப்படிச் சொல்லியிருக்கிறது என்பது வரும்போதே தெரியும்: 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்.' ஆற்றூரில் இறந்தவர் என்று பொருள்.

எத்தனையோ பட்டங்கள் சூடிய பேரரசன், தாத்தாவை அடையாளம் சொல்ல அவர் கண்மூடிய ஊரின் பெயரை எடுத்திருக்கிறான். இறந்த இடம் இது, கோயில் அது என்று ஒளிக்காமல் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். திருப்பூர் என்ற பேரைக் கேட்டாலே ஒரு வருடமாக எனக்குள் ஏதோ குறுகிப்போகும். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது அது கொஞ்சம் தளர்ந்தது.

"இது சாமி கோயிலா, சமாதியா கண்ணு?" என்றாள் ஆயா.

"ரெண்டும்தான் ஆயா. தாத்தாவுக்காக எடுத்தது. உள்ளே சிவன்."

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் வாசலில் அகல் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆயா மடியிலிருந்து திரியை எடுத்தாள். தாத்தாவின் தறியில் மிச்சமிருந்த பருத்தி நூலை அவளே முறுக்கி எடுத்து வந்திருந்தாள். எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரியச் சோழர் காலத்தில் 96 ஆடுகள் விடுவார்கள், அந்த மந்தையிலிருந்து தினம் ஓர் உழக்கு நெய் வரும் என்றேன். ஆடுகள் குட்டி போட்டுக் குறையாமல் இருப்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆயா கேட்டுக்கொண்டே திரியைத் தூண்டினாள்.

திரும்பி வரும்போது அவளே பேச்சை எடுத்தாள். "சுடுகாட்டுல எதுக்கு மண்டபம்? அங்க அவரு ஒரு நாளும் இருந்ததில்ல. காலைத் தொங்கப்போட்டு உக்காந்த குழி இருக்குதே."

அந்தத் தறிக்குழியை மூடிவிட்டு அந்த இடத்தில் கட்டில் போடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அது அப்படியே இருக்கிறது. குழியின் மேட்டில், அவர் உட்கார்ந்த பலகைக்குப் பக்கத்தில், ஒரு முழ உயரக் கல் நட்டிருக்கிறோம். அதில் அகல் வைக்க ஒரு மாடம் குடைந்திருக்கிறது. பளிங்கு மண்டபம் கேட்ட சித்தப்பாதான் கல்லுக்கு முழுப் பணமும் கொடுத்தார்.

எழுத்து வெட்டுகிறவர் என்ன போடவேண்டும் என்று கேட்டார். தாத்தா பேர், நெசவாளர், அப்புறம் 'திருப்பூரில் துஞ்சினவர்'. சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். துஞ்சினவர் என்றால் என்ன என்று ஆயா கேட்டாள். செத்தவங்களையும் அப்படிச் சொல்வாங்க, ஆனா அந்த வார்த்தைக்குத் தூங்கினவர்னு அர்த்தம் என்றேன்.

"அப்படியே போடச் சொல்லு. தூக்கத்துலதானே போனாரு."

அமாவாசைதோறும் அந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. நூல் இன்னும் இரண்டு கட்டு மிச்சம் இருக்கிறது. ஆயா அதைத் திரிக்கு மட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.