கடைசிக் குழாயில் 0.2

கிராம ஊராட்சிகளில் குளோரின் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. தேதி, தொட்டியின் பெயர், போட்ட பிளீச்சிங் பவுடரின் அளவு, குழாயில் எடுத்த குளோரின் அளவு (லிட்டருக்கு மில்லிகிராமில்), கையெழுத்து. பல ஊர்களில் அந்த நோட்டைப் புரட்டினால் மாதம் முழுக்க 0.5, 0.5, 0.5 என்றே ஓடும். எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. உண்மையில் எந்த ஊர்த் தண்ணீரிலும் குளோரின் இப்படி நிலையாக நிற்காது. மழை பெய்த மறுநாள் குறையும். மின்வெட்டால் தொட்டி பாதி நிரம்பிய நாளில் கூடும். புது மூட்டை பிரித்த வாரம் ஏறும், அதே மூட்டை அடிக்கு வரும்போது இறங்கும். ஏற்ற இறக்கமே இல்லாத பதிவேடு என்றால் சோதனை நடக்கவில்லை என்றுதான் பொருள்.

விதிகளில் குறை இல்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குவதைக் கிராம ஊராட்சியின் கடமைகளில் வைத்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1939இல், பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மக்கள் பிடிக்கும் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்று அபாயம் இருக்கும்போது 0.5. எந்த 100 மில்லி மாதிரியிலும், மலம் கலந்ததைக் காட்டும் ஈ-கோலை கிருமி இருக்கக் கூடாது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை மாதம் இரு முறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவ வேண்டும் என்று அறிவுறுத்தல் இருக்கிறது. கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் எழுதவும் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கு கிளம்புகிறது. கோளாறு எங்கே என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் மூட்டையிலோ, கலக்கும் முறையிலோ, குழாய்ப் பாதையிலோ, சோதனையிலோதான் போய் நிற்கும்.

முதலில் மூட்டை. நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். அது தயாரிப்பு நாளின் கணக்கு. வெயில், ஈரம், காற்று மூன்றும் அதைத் தின்றுவிடும். நம் ஊர் வெயிலில் வாய் கட்டாத மூட்டை சில மாதங்களில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. 25 கிலோ மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூம் மூலையில் வைப்பதுதான் பெரும்பாலான ஊர்களின் வழக்கம். அங்கே வீணாவது மூட்டை மட்டும் இல்லை. கசியும் குளோரின், ஸ்டார்ட்டர் போர்டின் செம்புத் தொடுமுனைகளையும் அரித்துவிடும். மோட்டார் அடிக்கடி 'டிரிப்' ஆவதாகப் புகார் வந்தால் பக்கத்தில் பிளீச்சிங் மூட்டை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. வந்த உடனே மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, தரையில் படாமல் பலகை மேல், நிழலில், தனி இடத்தில் வைக்க வேண்டும். வந்த தேதியை டிரம் மேல் எழுத வேண்டும். பழையதை முதலில் எடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கினால் விலை குறையலாம், ஆனால் கடைசி ஆறு மாதம் ஊர் குடிப்பது சுண்ணாம்புத் தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்குவதே சரி.

அடுத்தது அளவு. "ஆயிரம் லிட்டருக்கு இத்தனை கிராம்" என்று ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் சொல்வது வசதிக்காகத்தான். தண்ணீரில் இரும்பு, அமோனியா, பாசி, மக்கிய பொருள் இருந்தால் அவை குளோரினைக் குடித்துவிடும். அவை குடித்து மிஞ்சியதுதான் கிருமியைக் கொல்லும். ஒரு ஊரின் ஆழ்துளைக் கிணற்றுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும். அடுத்த ஊர் ஆற்றுத் தண்ணீருக்கு 3 வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, நான்கு வாளி போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பவுடர் கரைத்தால் கிட்டத்தட்ட ஒரு சதவீதக் கரைசல். 10 லிட்டர் வாளிகள் நான்கில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, தெளிந்த கரைசலை முறையே 1, 2, 3, 4 மில்லி ஊசி சிரிஞ்சால் விட்டுக் கலக்க வேண்டும். ஒரு மில்லி என்பது அந்த வாளிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின். அரை மணி நேரம் மூடி வைத்துச் சோதித்தால், எஞ்சிய குளோரின் 0.5க்குப் பக்கத்தில் நிற்கும் வாளி எது என்று தெரிந்துவிடும். 2 மில்லி வாளி சரி என்றால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 6 லிட்டர் கரைசல், அதாவது 180 கிராம் பவுடர். இந்த முறையின் பெரிய நன்மை, அதே மூட்டைப் பவுடரை வைத்தே சோதிப்பதால் அதன் வீரியம் எவ்வளவு குறைந்திருந்தாலும் கணக்கு தானாகச் சரியாகிவிடும். மூட்டை மாறும்போதும் மழைக்காலம் தொடங்கும்போதும் இதைச் செய்தால் போதும். குழாய்ப் பாதை நீளமான ஊரில் தொட்டியில் 0.5ஐவிடக் கூடுதலாக நிறுத்த வேண்டும், கடைக்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். தொட்டியைக் கவனிக்கும் ஆபரேட்டரிடம் தராசு இருக்காது. அதற்காக வேலை நிற்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் ஒரு முறை எடை போட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அந்த அளவுக்குக் கோடு கிழித்துக் கொடுத்தால் வேலை நடக்கும்.

கலக்கும் முறையில்தான் பெரும்பாலான தவறு. தொட்டி மேல் ஏறிப் பவுடரை அப்படியே தூவிவிட்டு இறங்குவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பாதி கட்டியாக அடியில் உட்காரும். சுண்ணாம்பு குழாய்க்குள் போய் மீட்டரையும் வால்வையும் அடைக்கும். முதல் தெருவுக்கு மூக்கைத் துளைக்கும் வாடை, கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை. சரியான முறை இது: பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பவுடரைக் களியாகக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் கலக்கிக் கால் மணி நேரம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும், அடிமண்டியைக் கொட்டிவிட வேண்டும். தொட்டி கால்வாசி நிரம்பி, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பி அரை மணி நேரம் கழித்துத்தான் ஊருக்குத் தண்ணீர் விடும் கேட்வால்வைத் திறக்க வேண்டும். இந்த அரை மணி நேரம்தான் முதலில் பலியாகும். விடியற்காலை ஐந்து மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும், மின்சாரம் நான்கரைக்குத்தான் வந்திருக்கும். மூன்று தொட்டிக்கு ஒரே ஆபரேட்டர் என்றால் அவரால் எப்படிக் காத்திருக்க முடியும்? இரவிலேயே நிரப்பி வைக்கும்படி நேரத்தை மாற்றுவது ஊராட்சி செய்ய வேண்டிய வேலை, அதை ஆபரேட்டர் தலையில் கட்டக் கூடாது.

"மருந்து வாடை அடிக்கிறது, டீ விளங்கவில்லை" என்று வார்டு உறுப்பினர் வழியாகப் புகார் வரும். உடனே அளவைக் குறைத்துவிடுவார்கள். இது ஆபத்து. கடும் வாடை பல நேரங்களில் குளோரின் குறைவாக விழுந்ததால் வருவது. அமோனியாவோடு சேர்ந்த குளோரின்தான் அந்த நெடி அடிக்கும். அளவைக் கூட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டினால் வாடை அடங்கும். புகார் வந்தால் முதலில் சோதிக்க வேண்டும், பிறகுதான் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.

தொட்டியில் எல்லாம் சரியாக இருந்தும் தெருவில் தவறலாம். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏறும் மெயின் குழாயிலேயே வழியில் இணைப்புக் கொடுத்திருப்பார்கள். அந்த வீடுகளுக்குத் தண்ணீர் தொட்டியைத் தொடாமலே போகும், ஒரு துளி குளோரின் கிடைக்காது. வரைபடத்தில் இது இருக்காது, ஆபரேட்டருக்கு மட்டுமே தெரியும். இத்தகைய இணைப்புகளை வினியோகக் குழாய்க்கு மாற்ற வேண்டும். முடியாவிட்டால் மோட்டார் ரூமிலேயே கரைசலைச் சொட்டுவிடும் டோசர் வைக்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்ட ஊர்களில் வேறு சிக்கல். ஆற்றங்கரைத் தலைமை நீரேற்று நிலையத்தில் போட்ட குளோரின், பல கிலோமீட்டர் குழாயிலும் இடையிலுள்ள சம்புகளிலும் கரைந்துபோயிருக்கும். "குடிநீர் வாரியத் தண்ணீர்தானே, மருந்து போட்டுத்தானே வருகிறது" என்று ஊராட்சி சும்மா இருந்துவிடும். ஊர்த் தொட்டியில் மறுபடி போட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது குழாயடிக் குழி. அழுத்தம் குறைவான தெருக்களில் தண்ணீர் வேண்டி வாசலில் இரண்டடி, மூன்றடி பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் நின்ற பிறகு குழாயில் வெற்றிடம் உண்டாகும், குழியில் தேங்கிய அழுக்கு நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். சாக்கடைக்குள் புகுந்து போகும் குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். வீட்டுக்காரர் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுவை பல மடங்காகும். ஊராட்சி மோட்டாரைப் பறிமுதல் செய்யும். மறுவாரம் வேறு மோட்டார் வரும். அழுத்தம் கிடைக்காத தெருவில் தண்டனையால் குழியை மூட முடியாது. அந்தத் தெருவுக்குத் தனி வால்வு போட்டு, தனி நேரம் ஒதுக்கினால் குழி தானாகத் தேவையற்றுப் போகும். பிறகு மூடச் சொன்னால் மூடுவார்கள்.

தொட்டி கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினியோக வால்வை அடைத்து, அடியிலுள்ள கழிவு வால்வான ஸ்கவர் வால்வைத் திறந்து, அடியில் அரையடித் தண்ணீரை வைத்துக்கொண்டு வண்டலைக் கலக்கி வெளியேற்ற வேண்டும். சுவரை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, 100 லிட்டருக்கு 60 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலால் நனைத்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கரைசலைத் தெளிக்கும் ஆள் உள்ளே நிற்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும், மேலே இன்னொரு ஆள் இருந்தே தீர வேண்டும். துருப்பிடித்த ஏணிப்படியில் கயிறு கட்டாமல் ஒருவரைத் தனியாக ஏற்றுவது குற்றம் என்றே நினைக்கிறேன். மூடிக்குப் பூட்டு, ஏணிக்கு அடியில் கதவு, கொசுவலை போட்ட காற்றுக் குழாய் மூன்றும் கட்டாயம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலினக் குடும்பங்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகே தெரியவந்தது. பூட்டு ஒன்று சாதி வன்மத்தைத் தடுக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் ஏறித் திறக்கலாம் என்ற நிலையில் ஒரு தொட்டியை விட்டுவைக்க ஊராட்சிக்கு உரிமை இல்லை.

சோதனைக்கு வருவோம். ஊரில் இருப்பது பெரும்பாலும் குளோரோஸ்கோப், தண்ணீரின் நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி. ஆர்த்தோடாலிடின் சொட்டினால் தண்ணீர் மஞ்சளாகும், டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும். எதுவானாலும் உடனே பார்க்க வேண்டும். நேரம் போகப் போகப் அமோனியாவோடு சேர்ந்த பலவீனமான கூட்டுக் குளோரினும் நிறம் கொடுத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. நிறமே வெளுத்துவிடும். அதைப் பார்த்து "குளோரின் இல்லை" என்று இன்னும் கொட்டுவோரும் உண்டு. மருந்துப் புட்டி காலாவதியாகியிருந்தால் எல்லாம் வீண். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. மருந்து தீர்ந்த பெட்டிகள் நிரப்பப்பட்டு அவர்கள் கைக்குப் போனால் அதைவிட நல்ல கண்காணிப்பு வேறில்லை, ஏனென்றால் குடிப்பவரே சோதிப்பவர்.

நோய் கிளம்பிய ஊரில் நடக்கும் ஒரு தவறு ஒவ்வொரு முறையும் மனதை உறுத்துகிறது. செய்தி வந்ததும் தொட்டியில் மூட்டையாகக் கொட்டுவார்கள். மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்து மாதிரி எடுப்பார். முடிவு "குடிக்க உகந்தது" என்று வரும், கோப்பு மூடப்படும். கிருமி எந்தத் துளை வழியாக வந்ததோ அந்தத் துளை அப்படியே இருக்கும். குளோரின் கொட்டும் முன் மாதிரி எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய புட்டியில், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் போகும்போதே மாதிரியிலுள்ள குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், ஆய்வகம் பார்ப்பது ஊர் குடித்த தண்ணீராக இருக்காது. குழாய் வாயைத் தீயில் காட்டி, ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றே கொண்டுசேர்க்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் நோயாளிகளின் வீடுகளைத் தெருவாரியாகத் தாளில் குறித்தால், ஒரே வால்வுக்குக் கீழே எத்தனை வீடு வருகிறது என்பதே விரிசலைக் காட்டிக்கொடுக்கும்.

பதிவேடு மாறாமல் இவை எதுவும் நிலைக்காது. இன்று "0" என்று எழுதும் ஆபரேட்டருக்குக் கிடைப்பது விளக்கம் கேட்கும் கடிதம். "0.5" என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் யார்தான் உண்மையை எழுதுவார்? குறைந்த அளவைப் பதிவு செய்தவருக்கு எந்த நடவடிக்கையும் கிடையாது என்று வட்டார வளர்ச்சி அலுவலர் எழுத்தில் சொல்ல வேண்டும். "0" எழுதிய நாளுக்கு எதிரே, அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற பத்தியை ஊராட்சிச் செயலர் நிரப்ப வேண்டும். ஆய்வில் கேள்வி கேட்க வேண்டியது அந்தப் பத்தி காலியாக இருந்தால்தான். மருந்து போடுபவரே சோதிப்பவராக இருக்கக் கூடாது. சோதிக்கும் குழாயும் அலுவலக வாசல் குழாயாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் தொலைவான, தாழ்வான, புகார் அதிகமுள்ள தெருவின் கடைசிக் குழாயைத் தேர்ந்து சிவப்பு வண்ணம் அடித்துவிடலாம். தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்து அங்கே எடுக்கும் அளவு 0.2க்குக் கீழே போனால், அன்றே ஆபரேட்டரும் செயலரும் அந்தக் குழாயிலிருந்து தொட்டியை நோக்கி ஒவ்வொரு வால்விலும் சோதித்துக்கொண்டே வர வேண்டும். அளவு திடீரென்று எழும் இடத்துக்கும் அதற்கு முந்தைய வால்வுக்கும் நடுவில் தோண்டிப் பார்த்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.